மணிக்கட்டில் சந்தனம்

"அந்தப் பட்டை கடையில கிடைக்குமுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

காலை ஏழரை மணி. சேலத்தில் புதிதாகக் கட்டியிருந்த உள்ளரங்கின் வாசல். என் கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘ஜிம்னாஸ்டிக்ஸ் நடுவர்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு அவராகவே வந்து பேச்சுக் கொடுத்தார். பெயர் செல்வராணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் பிரிவு. ஒரு கையில் துணிப்பை, பைக்குள் எவர்சில்வர் டப்பா. இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு அவர் மகள் மகிழினி, பன்னிரண்டு வயது, முதுகில் பதினேழு என்ற எண் குத்தியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அரங்கின் கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் கொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிடைக்காதும்மா. நடுவருக்கு மட்டும்தான் தருவாங்க."

"என்னதாங்க பண்ணும் அது? இவளுக்குப் பயிற்சி குடுக்கற மாஸ்டர்கிட்ட கேட்டா, உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்ங்கறாரு."

நான் சான்றிதழ் வாங்கிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போலச் சொல்ல ஆரம்பித்தேன். "பிள்ளைங்க கணுக்கால்ல, முழங்கால்ல, இடுப்புல அரிசி அளவு ஒரு சில்லு வச்சிருக்காங்க இல்லையா? உள்ள எலும்பும் தசைநாரும் எவ்வளவு நோகுதுன்னு அது பாக்கும். பாத்து எங்க கையில இருக்கற பட்டைக்கு அனுப்பும். அது எங்க மணிக்கட்டுல வலியா வரும்."

"இவளுக்கு வலிச்சா உங்களுக்கு வலிக்குமுங்களா?"

"இவ வலிக்கலைன்னு சொன்னாலும் எங்களுக்கு வலிக்கும். பிள்ளைங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு மறைச்சிடுவாங்க. சில்லுக்கு மறைக்கத் தெரியாது."

ஐந்து அளவுகள் உண்டு என்றும் சொன்னேன். எங்களுக்குப் பயிற்சியில் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்று எறும்பு. இரண்டு கட்டெறும்பு. மூன்று தேனீ. நான்கு குளவி. ஐந்து தேள். எறும்புக்குக் கழிவில்லை. கட்டெறும்பிலிருந்து மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும், காயத்தோடு ஆடுவதால் லாபம் இல்லை என்று ஆக்குவதற்காக. தேள் வந்தால் குறைப்பதெல்லாம் இல்லை. மேசையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். ஆட்டம் நின்றுவிடும்.

செல்வராணி சிரித்தார். "அதை ஒரு நாளைக்கு எங்கிட்டக் குடுங்க. கால் வலிக்குதுன்னு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடறாளே, நெசமா பொய்யான்னு பாத்துக்கறேன்."

"அம்மா!" என்றாள் மகிழினி.

"சும்மா சொன்னேன் சாமி." பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் கால் வீங்கிப்போச்சுங்க. மாஸ்டர் ஊசி போட்டாரு, வடிஞ்சிருச்சு. இருந்தாலும் ஒரு பயம். நீங்க இருக்கறீங்க. இனி நான் நிம்மதியா உக்காந்துக்குவேன்."

எனக்கு அந்த நிமிடம் எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் வாயில் எச்சில் கசக்கிறது.

நானும் பதினான்கு வயதுவரை ஆடியவள்தான். சில்லு வருவதற்கு முந்தைய காலம். என் இடது கணுக்கால் இன்றைக்கும் குளிரில் மடங்காது. ஒரு கலங்கரை விளக்கில் உட்கார்ந்திருப்பவள் போல என்னைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். தூரத்தில் எங்கோ ஒரு படகின் அடிப்பலகை விரிசல் விடும். படகில் இருப்பவர்களுக்கே அது தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். நான் மணியை அடிப்பேன். பயிற்சியின் நான்கு மாதமும் இந்தப் படத்தோடுதான் தூங்கினேன்.

*

நடுவர் அறை வாசலில் ஒரு வெள்ளித் தட்டு வைத்திருந்தார்கள். கற்கண்டு, ரோஜாப்பூ, சின்னக் கிண்ணத்தில் சந்தனம். கல்யாண மண்டப வரவேற்பு மாதிரி.

"வாம்மா புதுப்பொண்ணு," என்றார் பத்மாசினி மேடம். எங்கள் மேசையில் முதல் நாற்காலி அவருடையது. அறுபதைத் தொடும் வயது, பட்டுப்புடவை, மூக்கில் இரண்டு பக்கமும் மின்னும் கல். "கையை நீட்டு."

நீட்டினேன்.

"புறங்கையில இல்ல. திருப்பு. நாடி பிடிக்கற இடம்."

இரண்டு விரலால் அள்ளி என் மணிக்கட்டின் உட்புறத்தில் தாராளமாகப் பூசினார். குளிர்ந்தது. சந்தன வாசனைக்கு அடியில் கிராம்பு போல ஏதோ வாடை. பல் மருத்துவர் அறையில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போது வருமே, அந்த மாதிரி.

"நல்லா ஊறட்டும், துடைச்சிடாதே," என்றான் அன்வர். என்னைவிட ஒரு வருடம் முன்னால் சான்றிதழ் வாங்கியவன். "முதல் தடவை எனக்குப் பத்தாம போச்சு. மேடம் சிக்கனம் பிடிச்சிட்டாங்க."

"அடப்பாவி, கிண்ணத்தையே காலி பண்ணினவன் நீ," என்று மேடம் அவன் தோளில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எவ்வளவு அன்பானவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கற்கண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

தலைமை நடுவர் வரதராஜுலு சார் கடைசியாக வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, சீவிய நரைமுடி. யாரும் பூசிவிடக் காத்திருக்காமல் தானே சந்தனத்தை எடுத்து, சட்டைக் கையை மடக்கி, தொழுகிற மாதிரி மெதுவாகத் தேய்த்துக்கொண்டார். தேய்த்த பிறகு மணிக்கட்டை ஊதினார்.

மேசையில் நாங்கள் நான்கு பேர். மேடம், அன்வர், நான், வரதராஜுலு சார். தன் பட்டையைத் தானே யாரும் கட்டிக்கொள்ளக் கூடாது, தளர்த்திக் கட்டிவிடுவார்கள் என்பதால். அவரவர் வலப்பக்கத்தில் இருப்பவருக்குக் கட்ட வேண்டும். கடைசி ஆள் எழுந்து போய் முதல் ஆளுக்குக் கட்டுவார். அன்வர் எனக்குக் கட்டினான். நான் சாருக்குக் கட்டினேன். கட்டும் முன் தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. பஞ்சு டப்பாவும் மேசையில் இருந்தது. அதன் மூடிமேல் ஒட்டியிருந்த கண்ணாடித்தாள் பிரிக்கப்படவே இல்லை. சந்தனம் அழிந்துவிடுமே என்று அன்வர் துடைக்கவில்லை என்று எண்ணினேன். முதல் நாள். நானும் கேட்கவில்லை.

முதல் ஆட்டம் பீம். பத்து சென்டிமீட்டர் அகலக் கட்டைமேல் ஒவ்வொரு குழந்தையாக ஏறி, சுழன்று, குதித்து இறங்கியது. நான் கண்ணை மூடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு, மணிக்கட்டில் எறும்பு வருகிறதா என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பதினேழு பேர் ஆடினார்கள். ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை.

என் முட்டாள்தனத்தை அப்படியே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண்ணீர் வந்தது. ஒன்பதே ஆண்டுகளில் பயிற்சி இவ்வளவு மாறிவிட்டதே, ஒரு குழந்தைக்கும் வலியில்லாமல் ஒரு விளையாட்டு உருவாகிவிட்டதே என்று நினைத்தேன். மகிழினி இறங்கியபோது கால் துளிகூட அசையவில்லை. ஒன்பது புள்ளி மூன்று கொடுத்தேன். நான்கு மதிப்பெண்களில் மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் எப்போதும் தள்ளிவிடுவார்கள். நடுவில் இருக்கும் இரண்டைத்தான் கூட்டிப் பாதியாக்குவார்கள். என்னுடையது நடுவில் வந்தது. எண்ணப்பட்டது.

அன்று நான் கொடுத்தவற்றில் எண்ணப்பட்டவை அதுபோன்றவை மட்டும்தான்.

*

இடைவேளையில் பொங்கலும் வடையும் கொடுத்தார்கள். கையால் சாப்பிடுகிறவள் நான். பட்டையைக் கழற்றிவைத்துவிட்டு, சாப்பிடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினேன். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், பிடி வழுக்காமலிருக்கப் பூசும் சுண்ணப்பொடி கைகளில் அப்பியிருக்கும் என்பதால். மற்ற மூவரும் ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதையும் கவனித்தேன். அதற்கும் ஒரு அர்த்தமும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது ஃப்ளோர். விரிப்பின்மேல் இசைக்கு ஆடும் ஆட்டம். ஐந்தாம் எண் பெண் ஓடிவந்து கரணம் போட்டபோது என் மணிக்கட்டில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு. எட்டாம் எண்ணுக்குக் கட்டெறும்பு. பத்தாம் எண்ணுக்குத் தேனீ. நான் கையை உதறிவிட்டேன். பக்கத்தில் அன்வர் கொட்டாவி விட்டான்.

பிறகு மகிழினி வந்தாள்.

ஒரு பழைய நாட்டுப்புற மெட்டு. அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். முதல் தாவலில் குளவி. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது தாவலில் காற்றில் இரண்டு முறை சுழன்று இறங்கினாள். இறங்கின நொடியில் என் கைக்குள் யாரோ பழுக்கக் காய்ச்சிய ஊசியைச் செருகித் திருப்பினார்கள். வலி எலும்புக்குள் ஏறி முழங்கையில் போய் நின்றது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கைகளை விரித்து, மோவாயை உயர்த்தி, விரல் நுனிவரை அழகாக.

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

விதி என்னவென்றால், பத்து நொடிக்குள் இரண்டாவது ஒருவரும் அழுத்த வேண்டும். ஒருவர் மட்டும் அழுத்தினால் அது பட்டையின் கோளாறாகவோ நடுவரின் கோளாறாகவோ எடுத்துக்கொள்ளப்படும். நான் இடப்பக்கம் பார்த்தேன். அன்வர் தன் திரையில் ஒன்பது புள்ளி இரண்டு போட்டுக்கொண்டிருந்தான். வலப்பக்கம் பார்த்தேன். வரதராஜுலு சார் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பத்து நொடி முடிந்தது. சிவப்பு அணைந்தது. மகிழினி இன்னொரு முறை ஓடினாள். இன்னொரு தேள்.

நான் ஏழு புள்ளி ஒன்று கொடுத்தேன். மற்றவர்கள் ஒன்பதுக்கு மேல். மிகக் குறைந்ததாக என்னுடையதைத் தள்ளிவிட்டார்கள். என் திரையின் மூலையில் சின்ன எழுத்தில் வந்தது: விலகல் ஒன்று.

மற்றவர்கள் மதிப்பெண்ணிலிருந்து ஒரு புள்ளிக்கு மேல் தள்ளிப் போனால் அது விலகல். புதிய நடுவருக்கு முதல் போட்டியில் மூன்று விலகல் வந்தால் சான்றிதழ் போய்விடும்.

*

"கையைக் கழுவிட்டியா?" என்றார் பத்மாசினி மேடம். அறைக்குள் வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி அதுதான். குழந்தையைக் குளிப்பாட்டாமல் விட்டுவிட்ட தாயைக் கேட்பது போல.

"அது சந்தனம் இல்லையா மேடம்?"

"சந்தனமும் இருக்கு."

அன்வர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். "நீ தெரிஞ்சேதான் கையை நீட்டினேன்னு நெனச்சேன், ஜெசிந்தா. கண்ணைத் துடைச்சிக்கிட்டு ஒன்பது மூணு போட்டியே, அப்பவே மேடம்கிட்ட சொன்னேன், இவ பெரிய ஆளா வருவான்னு."

மணிக்கட்டை முகர்ந்தேன். சோப்பு வாசனைக்குள் இன்னும் அந்தக் கிராம்பு.

"அந்தப் பிள்ளை காலுக்குள்ள எலும்பு பிளந்திருக்கு மேடம். எனக்குத் தெரியுது. அடுத்தது வால்ட். ஓடிவந்து பலகையில மிதிச்சுப் பறந்து இறங்கணும். முழு எடையும் அந்தக் கால்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

மேடம் தன் வலது கையை மேசைமேல் வைத்தார். விரல்கள் தாமாக நடுங்கின; சுண்டுவிரல் உள்ளே மடங்கிக் கிடந்தது. "இந்தப் பட்டைச் சட்டம் வந்த முதல் வருஷம் நான் எதையும் பூசிக்கல. ஒரு நாளைக்கு நூறு பிள்ளைங்க. அதுல நாப்பது குளவி, பத்து தேள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் பால் டம்ளரைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு தேளுக்கும் அழுத்தினேன். ஆட்டத்தை நிறுத்தினேன். என்ன ஆச்சு தெரியுமா? பிள்ளையைப் பெத்தவங்க வாசல்ல நின்னு திட்டினாங்க. எம்பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டியேன்னு ஒரு அப்பன் என் காருமேல கல்லெறிஞ்சான். நிறுத்தின பிள்ளையை அடுத்த வாரம் வேற ஊர்ல ஆடவிட்டாங்க. வலி எனக்கு, திட்டு எனக்கு, பிள்ளைக்கு ஒண்ணும் மாறலை. அப்புறம் யாரோ ஒருத்தர் சந்தனம் கொண்டுவந்தார்."

அதில் பாதி உண்மை என்பதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

வரதராஜுலு சார் மென்மையாகச் சொன்னார். "பாருங்க ஜெசிந்தா. உங்க ஒரு ஆளோட மதிப்பெண் எப்படியும் தள்ளுபடிதான். கணக்கே அப்படி அமைஞ்சிருக்கு. நீங்க கஷ்டப்பட்டு வாங்கின சான்றிதழ். மதியம் பூசிக்கிட்டு வாங்க."

வெளியே வந்தேன். படிக்கட்டு இருக்கைகளில் மூன்றாவது வரிசையில் செல்வராணி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். மகள் மொத்தத்தில் முதலிடத்தில் இருந்தாள். என் பங்கு அதில் இருந்தது.

*

மதியம் மேசைக்குப் போனபோது எனக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. என் ஒருத்தியின் பொத்தான் செல்லாது. இரண்டாவது பொத்தான் வேண்டும். என் வலப்பக்கத்து மனிதரின் பட்டையைக் கட்டுவது நான்.

பஞ்சு டப்பாவின் கண்ணாடித்தாளைக் கிழித்தேன். அந்தச் சத்தத்துக்கே மூவரும் திரும்பினார்கள்.

"கையை நீட்டுங்க சார்."

"என்ன இது?"

"நாற்பத்தோராம் பக்கம், சார். கட்டறதுக்கு முன்னாடி துடைக்கணும்."

எங்களுக்கு முன்னால் மூன்று கேமராக்கள் இருந்தன. அரங்கின் பெரிய திரையில் எங்கள் மேசைதான் தெரிந்துகொண்டிருந்தது. வரதராஜுலு சார் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு புன்னகையோடு கையை நீட்டினார். நான் மூன்று பஞ்சு மாற்றித் துடைத்தேன். மஞ்சளாக, பிசுபிசுவென்று வந்தது. தோல் சிவந்து வெறுமையாகும்வரை துடைத்துவிட்டுப் பட்டையை இறுக்கிக் கட்டினேன். அவர் நாடி என் விரலுக்கடியில் ஓடியது.

"உங்க அப்பா அம்மா என்ன பண்றாங்க?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

"தூத்துக்குடியில இருக்காங்க சார்."

"நல்லா வளர்த்திருக்காங்க."

வால்ட்டுக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் ஆறாம் எண் இறங்கியபோது அவர் தோள் துள்ளியது. எறும்புதான், ஆனாலும் எத்தனையோ வருடம் கழித்து வரும் எறும்பு. ஒன்பதாம் எண்ணுக்கு அவர் நெற்றியில் வியர்வை. எனக்குள் ஒரு கொடூரமான சந்தோஷம் எழுந்தது. அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

பதினேழு. மகிழினி ஓட்டப்பாதையின் கடைசியில் நின்று கையை உயர்த்தினாள். ஓடினாள். பலகையை மிதித்தாள்.

தேள். அப்புறம் இறங்கும்போது தேளுக்கு மேலே ஏதோ ஒன்று. பயிற்சியில் அதற்கு எங்களுக்குப் பூச்சி சொல்லித்தரவில்லை. நான் பொத்தானை அறைந்தேன். பக்கத்தில் வரதராஜுலு சாரின் தொண்டையிலிருந்து நாய் முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் உணர்ந்துவிட்டார். எனக்கு வந்த அதே வலி, அதே நொடி, அவருக்கும் வந்துவிட்டது. அவர் கை எழுந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். மூன்று, நான்கு, ஐந்து.

அவர் கை பொத்தானைத் தாண்டிப் போய் பேனாவை எடுத்தது. நடுங்கும் கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, திரையில் ஒன்பது புள்ளி நான்கு எழுதினார்.

பத்து நொடி முடிந்தது. நான் ஏழு போட்டேன். என் திரை மூலையில்: விலகல் இரண்டு.

அவருக்குச் சந்தனம் தேவைப்பட்டதே இல்லை. எனக்கு அது புரிய அவர் கையை நான் துடைக்க வேண்டியிருந்தது.

அவர் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். குரல் வந்தபோது அதில் வலியைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. "இருபத்திரண்டு வருஷமா நடுவரா இருக்கேன். என் கையை ஒருத்தரும் துடைச்சதில்லை. இது நாகரிகமில்லாத காரியம், ஜெசிந்தா."

*

இரண்டாம் சுற்றுக்கு இருபது நிமிடம் இருந்தது. கழிப்பறைக்கு ஓடி வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன். காலையில் தின்ற கற்கண்டின் இனிப்பு இன்னும் எங்கோ இருந்தது. நிமிர்ந்தால், பக்கத்துக் குழாயில் மகிழினி கையிலிருந்த சுண்ணப்பொடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அருகில் பார்க்க இன்னும் சின்னவள். கன்னத்தில் ஒட்டியிருந்த ஜிகினாவில் ஒன்று கீழே இறங்கி உதட்டோரம் வந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமுங்களா?"

ஆட்டக்காரர்களோடு நடுவர் பேசக் கூடாது. "கேளு," என்றேன்.

"எல்லாரும் ஒம்பதுக்கு மேல போட்டாங்க. நீங்க மட்டும் ஏழு. நான் என்ன தப்புப் பண்ணுனேன்? சொன்னீங்கன்னா அடுத்ததுல சரி பண்ணிக்குவேன்."

"நீ தப்பே பண்ணலை. உன் கால் உடைஞ்சிருக்கு."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். விரல்களை ஆட்டிக் காட்டினாள். "வலிக்கவே இல்லீங்க்கா. மாஸ்டர் மத்தியானமும் ஊசி போட்டாரே. மரக்கட்டையாட்டம் இருக்குது. இது சும்மா வீக்கம்னாரு. வீக்கத்துக்கெல்லாம் ஏழு போடுவீங்களா?"

கோபம் இருந்தது அவள் குரலில். நியாயமான கோபம். நான் என்ன சொன்னாலும் மாஸ்டர் சொன்னதைத்தான் நம்புவாள்; அவள் கால் அவளிடம் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சொல் எல்லாம் என் கையில் கிடந்தது.

பட்டை கடைசி ஆட்டத்தைத் தனக்குள் வைத்திருக்கும். யாராவது மேல்முறையீடு செய்தால் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அதை மறுபடி உணர்ந்து பார்க்கலாம். நான் பட்டையைக் கழற்றினேன். சான்றிதழை யோசித்தேன், ஒரு நொடி நன்றாகவே யோசித்தேன். பிறகு அவள் ஈரக் கையைத் துடைத்து மணிக்கட்டில் கட்டினேன்.

"இது ரொம்ப வலிக்கும். வேண்டாம்னா இப்பவே சொல்லு."

"எதுங்க்கா வலிக்கும்?"

"நீ இப்ப குதிச்சது."

அவள் பொத்தானைத் தானே அழுத்தினாள்.

முதலில் ஒன்றுமில்லை, அது அவள் ஓடிவந்த நேரம். பிறகு வாய் திறந்துகொண்டது. சத்தம் வரவில்லை. வாஷ்பேசினைப் பிடித்தாள், விட்டாள், தரையில் உட்கார்ந்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள் அவள் பறவைக்குஞ்சு போல அதிர்ந்தாள். ஒரு குழந்தையை இப்படிச் செய்துவிட்டேனே என்று என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. காலையிலிருந்து எல்லோர்மேலும் வந்ததைவிட அதிகமாக.

மூச்சு திரும்பியபோது அவள் கேட்டாள். "இது என்னோடதுங்களா?"

"ஆமா."

"காலையிலிருந்தா?"

"அதுக்கும் முன்னாடியிருந்து."

அவள் தன் காலைப் பார்த்தாள். தொடப் பயந்தது போல, வேறு யாருடைய காலோ போல. "நான் ஆடலைன்னு சொல்லிறட்டுமுங்களா?"

"உனக்கு வயசு பத்தாது. விலகறதுக்கு அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போடணும்."

"அம்மா போடாது. மாஸ்டரைக் கேக்கும். மாஸ்டர் போடாதேம்பாரு." மூக்கை உறிஞ்சினாள். கொஞ்ச நேரம் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இதை அஞ்சு நிமிசம் குடுப்பீங்களா?"

வெளியாள் கையில் பட்டையைக் கொடுத்தால் விலகல் எல்லாம் எண்ண மாட்டார்கள். நேராகச் சான்றிதழ் ரத்து.

"எடுத்துட்டுப் போ," என்றேன். "ஓடாதே. நடந்து போ. அந்தக் காலை ஊனாதே."

*

மேசையில் நான் உட்கார்ந்தபோது மணி அடித்துவிட்டிருந்தது. அன்வரின் மணிக்கட்டு புதிதாக மினுமினுத்தது. மேடம் எனக்காகச் சின்னக் கிண்ணத்தைக் கைக்குட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தார்; மேசைக்கடியில் என் பக்கம் தள்ளினார். "இப்பவாவது பூசிக்கோ கண்ணு," என்றார். உண்மையான பரிவோடு.

நான் படிக்கட்டு இருக்கைகளைப் பார்த்தேன்.

மகிழினி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலால் தத்தித் தத்தி ஏறிக்கொண்டிருந்தாள். முதல் வரிசை. இரண்டாவது. அம்மாவின் முன்னால் போய் நின்று ஏதோ சொன்னாள். செல்வராணி மடியில் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார், மகளுக்கு ஒரு வாய் ஊட்டிவிடலாம் என்பது போல. அவள் கையிலிருந்த பட்டையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக இந்தப் பக்கம் திரும்பி என்னைத் தேடினார். காலையில் கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார். இடக்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, வளையல் போட்டுக்கொள்ள நீட்டுவதுபோல நீட்டினார்.

ஒலிபெருக்கி அறிவித்தது. "எண் பதினேழு, திருப்பூர். தயாராகவும்."

"பட்டையைக் கட்டுங்க, நேரமாச்சு," என்ற வரதராஜுலு சார் என் வெறும் கையைக் கண்டார். முகம் மாறியது. "ஜெசிந்தா, உங்க பட்டை எங்கே?"

"மேல்முறையீட்டுக்குப் போயிருக்கு, சார்."

மூன்றாவது வரிசையிலிருந்து எவர்சில்வர் டப்பா ஒன்று விழுந்து, படி படியாக உருண்டு, கீழேவரை வந்தது.